அத்தியாயம் 7: கட்டிலிலிருந்து கட்டிலுக்கு

காலை ஐந்தரை மணி. இருபது கட்டில்கள் உள்ள ஒரு முதியோர் இல்லம். இரவுப் பணியில் இருக்கும் ஆயாம்மா முதல் கட்டிலில் தொடங்குகிறார். டயப்பரை மாற்றுகிறார், முதுகைத் துடைக்கிறார், யூரின் பேக்கைக் காலி செய்கிறார், போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். கையில் அதே கிளவுஸ். பக்கெட்டில் அதே தண்ணீர். தோளில் அதே துண்டு. ஆறரைக்குக் காபி வந்துவிடும். அதற்குள் இருபது பேரையும் முடித்தாக வேண்டும். அந்த இல்லத்தில் அதிகம் உழைப்பவர் அவர்தான். ஆனால் முதல் கட்டிலில் இருப்பவரின் வயிற்றுப்போக்கு மூன்றாம் நாள் பதினோராம் கட்டிலுக்கு எப்படிப் போனது என்று தேடினால், அது போன வழியும் இதுதான்.

படுத்த படுக்கையாக இருப்பவர் எங்கும் போவதில்லை. அவரிடம் உள்ள கிருமியை அடுத்தவரிடம் பெரும்பாலும் கொண்டுசேர்ப்பவை, உதவ வரும் கைகளும் அந்தக் கைகள் தூக்கிச் செல்லும் பொருள்களும்தான். இந்த அத்தியாயத்தில் வரும் வேலைகள் பலவகை, நோக்கம் ஒன்று. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் இருக்கும் அந்த நாலடி இடைவெளியில் கிருமியை நிறுத்த வேண்டும்.

நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லண்ட் என்ற ஊரில் இருந்த பராமரிப்பு இல்லம் சாட்சி. மார்ச் 18 வரை அந்த ஓர் இல்லத்தோடு தொடர்புடைய கொரோனா தொற்றுகள் 167: அங்கே தங்கியிருந்தவர்கள் 101 பேர், ஊழியர்கள் 50 பேர், பார்க்க வந்தவர்கள் 16 பேர். தங்கியிருந்தவர்களில் தொற்று கண்ட மூன்றில் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். அந்த வட்டார இல்லங்களில் தொற்று பரவியதற்கு ஆய்வாளர்கள் கண்ட காரணங்கள் பெரிய மருத்துவப் புதிர்களாக இல்லை. உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்த ஊழியர்கள், ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்த்தவர்கள், மாஸ்க்கும் கவுனும் போட்டுக் கழற்றும் பழக்கமின்மை, சானிடைசர் தட்டுப்பாடு, நோயைத் தாமதமாக அடையாளம் கண்டது. பணக்கார நாட்டிலேயே இப்படி. இவை அத்தனையும் நம் ஊர் இல்லங்களிலும் உண்டு. அத்தனையையும் பெரிய செலவில்லாமல் சரிசெய்யவும் முடியும்.

தொடங்கும் முன்: ஒரு ஆள், ஒரு நோட்டு, ஒரு டப்பா

2003இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கில் 299 உயிர்களைப் பறித்தது. அந்த அடிக்குப் பிறகு அங்கே முதியோர் இல்லங்களில் தொற்றுத் தடுப்புக்கென்றே ஒரு அலுவலரை நியமிக்கும் முறை வந்தது. அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். புதிதாக ஆள் எடுக்க வேண்டாம். இருக்கும் சிஸ்டர்களில், அல்லது பொறுப்பான உதவியாளர்களில், ஒருவரை இதற்கென்று குறித்தால் போதும். அவருக்கு எழுத்தில் ஓர் அதிகாரம் கொடுக்க வேண்டும்: உடம்பு சரியில்லாத ஊழியரை வீட்டுக்கு அனுப்புவதற்கும், தேவைப்பட்டால் பார்வையாளர்களைத் தடுப்பதற்கும் அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அவர் கையில் ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஆறு பத்திகள் போடலாம்: தேதி, கட்டில் எண், என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, யாருக்குச் சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது. இரண்டு வாரம் விடாமல் எழுதினாலே, சும்மா பார்த்தால் தெரியாத ஒன்று தெரியவரும்: வயிற்றுப்போக்கு வரிசையாகப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் வருகிறதா, அல்லது ஒரே ஆள் கவனிக்கும் கட்டில்களில் வருகிறதா என்று.

மூன்றாவதாக, கட்டிலுக்கு ஒரு டப்பா. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அவரவருக்கான சோப்பு, துண்டு, சீப்பு, டூத் பிரஷ், நகவெட்டி, உடம்பு துடைக்கும் துணி, குவளை. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பெயர். உடம்பு துடைக்கும் பேசினும் அவரவருக்குத் தனி. இந்த அத்தியாயத்தில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் நாளைக் காலையிலேயே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். பொதுச் சீப்பும் பொதுத் துண்டும் ஒழிந்தாலே பாதி வழி அடைபடும்.

கை: எப்போது, எப்படி

உலக சுகாதார நிறுவனம் 2009இல் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களை வகுத்தது. கட்டில் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அவை:

1. ஒருவரைத் தொடுவதற்கு முன்.
2. புண் கட்டுவது, யூரின் டியூப் போடுவது, ஊசி போடுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன்.
3. மலம், சிறுநீர், சளி, ரத்தம் பட்ட பிறகு, அல்லது பட்டிருக்கலாம் என்ற வேலைக்குப் பிறகு.
4. அவரைத் தொட்டு முடித்த பிறகு.
5. அவரைத் தொடாமல் கட்டில் கம்பி, ஸ்டூல், தலையணை என்று அவரைச் சுற்றியுள்ளதைத் தொட்ட பிறகு.

ஐந்தாவதுதான் எல்லோரும் விடுவது. "நான் பாட்டியைத் தொடவே இல்லையே, ஸ்டூலைத்தானே நகர்த்தினேன்" என்பார்கள். கட்டில் கம்பி அந்தப் பாட்டியின் கையைப் போலத்தான்; நாள் முழுக்க அவர் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

கையில் அழுக்கு தெரியாதபோது ஆல்கஹால் சானிடைசர் போதும். உள்ளங்கை நிறைய எடுத்து, அது காயும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அழுக்கு தெரிந்தாலோ, வாந்தி பேதி உள்ளவரைக் கவனித்திருந்தாலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். வாந்தி பேதியை வேகமாகப் பரப்பும் நோரோ வைரஸை ஆல்கஹால் சரியாக வெல்வதில்லை; குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் விதைகளை அது கொல்வதே இல்லை. சோப்பு அவற்றைக் கழுவி இறக்கிவிடுகிறது.

சோப்பால் கழுவும் முறை, துடைப்பதையும் சேர்த்து 40 முதல் 60 விநாடி:

1. மோதிரம், வாட்ச், கைக்கயிறு கழற்றவும். கையை நனைத்துச் சோப்புப் போடவும்.
2. உள்ளங்கையோடு உள்ளங்கை.
3. புறங்கை, விரல் இடுக்கோடு.
4. விரல்களைக் கோத்து இடுக்குகள்.
5. கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றி. பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.
6. விரல் நுனிகளை எதிர்க் கை உள்ளங்கையில் தேய்த்து, நகத்துக்கடியில்.
7. கழுவி, ஒருமுறை பயன்படுத்தும் காகிதத்தால் அல்லது ஒருவர் ஒருமுறை துடைத்துச் சலவைக்குப் போடும் சிறு துணியால் துடைக்கவும். அதே துணியால் குழாயை மூடவும்.

வாஷ்பேசின் பக்கத்தில் ஆணியில் தொங்கும் துண்டை இன்றே கழற்றிவிடலாம். கழுவிய கையை அதில் துடைத்தால், காலையிலிருந்து துடைத்த எல்லோருடைய கையும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

வளையல் விஷயத்தில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்வது சில பெண்களுக்கு மனத்தாங்கலாக இருக்கும். பலர் முன்னால் சொல்லாமல் தனியே சொல்லி, கழற்றியதை வைக்க ஆளுக்கொரு பூட்டுள்ள பெட்டி கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நகப்பூச்சும் நீள நகமும் மட்டும் கூடாது.

*எச்சரிக்கை:* சானிடைசர் எளிதில் தீப்பிடிக்கும். விளக்கேற்றும் பூஜை அறையிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது. மறதி நோய் உள்ளவர்கள் அதைக் குடித்துவிடும் ஆபத்து உண்டு. அவர்கள் இருக்கும் அறையில் சுவரில் மாட்டாமல், ஊழியர் பையில் சிறு பாட்டிலாக வைத்துக்கொள்வதே நல்லது.

கிளவுஸ் என்னும் பொய்த் தைரியம்

கிளவுஸ் போட்டவருக்குத் தன் கை சுத்தமாக இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கை சுத்தமாகத்தான் இருக்கிறது. கிளவுஸின் வெளிப்பக்கம்தான் மூன்று கட்டில்களின் மலத்தையும் சளியையும் சுமந்து, கதவுப் பிடி, செல்போன், மாத்திரை டப்பா என்று எல்லாவற்றிலும் பூசிக்கொண்டு போகிறது. ஒரே கிளவுஸோடு பத்துப் பேரைத் தொடுவதைவிட, வெறுங்கையோடு தொட்டு ஒவ்வொருவருக்கும் நடுவில் கழுவுவது எவ்வளவோ மேல்.

விதி இது: ஒருவருக்கு ஒரு ஜோடி. அவரிடமே அழுக்கான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்குப் போகும்போது இன்னொரு ஜோடி. கழற்றியதும் கை சுத்தம். கிளவுஸைக் கழுவியோ சானிடைசர் தடவியோ மறுபடி பயன்படுத்தக் கூடாது.

காலைச் சுற்று: டயப்பர் மாற்றும் வரிசை

முதலில் யார், கடைசியில் யார் என்பதை இரவே முடிவு செய்துகொள்ள வேண்டும். நோயில்லாதவர்கள் முதலில், புண், யூரின் டியூப் உள்ளவர்கள் அடுத்து, பேதி, சொறி உள்ளவர்கள் கடைசியில். கட்டில் எண் வரிசையில் போவது கணக்குக்கு வசதி, கிருமிக்கும் வசதி. பிறகு ஒவ்வொரு கட்டிலிலும்:

1. புது டயப்பர், துடைக்கும் துணி, அவருடைய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், புது விரிப்பு, கழிவுப் பை எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். நடுவில் அலமாரிக்கு ஓடினால் அலமாரியின் கைப்பிடி அழுக்காகும்.
2. கையைச் சுத்தம் செய்து, கிளவுஸ், பிளாஸ்டிக் ஏப்ரன்.
3. என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பேச முடியாதவருக்கும் சொல்லுங்கள்.
4. முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். பெண்களுக்கு இது கட்டாயம். பின்னிருந்து முன்னே துடைத்தால் மலக் கிருமி சிறுநீர்த் துவாரத்துக்குப் போகும்.
5. அழுக்கு டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி நேரே பையில். தரையில் ஒரு கணம்கூட வைக்கக் கூடாது.
6. இங்கேதான் கிளவுஸைக் கழற்ற வேண்டும். கை சுத்தம். பிறகு புது டயப்பர், புது விரிப்பு.
7. திருப்பும்போது முதுகெலும்பின் அடி, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம்; நோட்டில் எழுதி, சிஸ்டரிடம் சொல்லி, அந்தப் பக்கம் அழுத்தாமல் படுக்க வையுங்கள்.
8. பையைக் கட்டி, ஏப்ரனை மாற்றி, கையைக் கழுவி அடுத்தவர்.

அழுக்குத் துணியை உதறுவதும், நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போவதும் வழக்கமான தவறுகள். உதறினால் கிருமி காற்றில், அணைத்தால் சட்டையில். உள்பக்கமாகச் சுருட்டி, கட்டிலருகிலேயே கூடையில் போட வேண்டும்.

ஒருவருக்கு எட்டு நிமிடம் ஆகிறது, இருபது பேருக்கு எப்படி என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. விடை ஊழியரை விரட்டுவதில் இல்லை. காபி நேரத்தைத் தள்ளுவதிலோ, காலைச் சுற்றுக்கு இன்னொரு ஆளைச் சேர்ப்பதிலோ இருக்கிறது. இதை நிர்வாகம்தான் செய்ய முடியும்.

வாய்: யாரும் நினைக்காத வாசல்

முதியவர்களுக்கு வரும் நிமோனியாவில் பெரும்பங்கு, வாயில் ஊறிய எச்சிலும் உணவும் அதிலுள்ள கிருமியும் புரையேறி நுரையீரலுக்குள் போவதால் வருவது. ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் யோனேயாமாவும் அவர் குழுவினரும் இரண்டு ஆண்டுகள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்டார். பல் மருத்துவப் பணியாளர்களும் அவ்வப்போது வந்து சுத்தம் செய்தார்கள். மறுபாதிக்கு அப்படி இல்லை. 2002இல் வெளியான முடிவு: கவனிப்பு இல்லாதவர்களில் 19 சதவீதத்தினருக்கு நிமோனியா, கவனிப்புப் பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கு. ஒரு டூத் பிரஷ் செய்த வேலை இது. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது.

செய்முறை:

1. உட்கார வையுங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்து. மல்லாந்து படுத்தவர் வாயில் தண்ணீர் விடக் கூடாது.
2. மென்மையான பிரஷால் பல், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம். பல்லில்லாதவருக்கு ஈரத்துணி சுற்றிய விரல் போதும். கடித்துவிடக் கூடியவருக்கு விரல் வேண்டாம், பிரஷ்தான்.
3. கட்டிய பல் செட்டைக் கழற்றிக் கழுவி, இரவில் பெயரெழுதிய டப்பாவில் தண்ணீரில் போடவும்.
4. சாப்பிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலை. மூக்குக் குழாயில் உணவு போகிறவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம்.

யூரின் டியூப்

டியூப் பற்றிய முதல் கேள்வி: இது இன்னும் தேவையா? விரிப்பு நனைகிறது என்பதற்காக மட்டும் டியூப் போடுவது தவறான பேரம். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். இரண்டு மணிக்கொரு தரம் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, டயப்பர், ஆண்களுக்கு வெளியே மாட்டும் ஆணுறை வகைக் குழாய் இவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்த பிறகே டியூப்.

போட்டே ஆக வேண்டும் என்றால்: பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும்போது பையை மடியில் வைப்பது பெரிய தவறு. பையில் இருந்த சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். குழாயையும் பையையும் இணைக்கும் இடத்தைப் பிரிக்கக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காலி செய்ய வேண்டும். காலி செய்யும் குவளை ஆளுக்கொன்று. ஒரே மக்கில் ஐந்து பைகளைக் காலி செய்வது கட்டிலிலிருந்து கட்டிலுக்குப் போகும் நேர்வழி.

இன்னொன்றும் இங்கேயே சொல்ல வேண்டும். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றமடிக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தெரிவது வயதானவர்களிடம் சகஜம். அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் இல்லத்தில் குடியேறும்.

சுகர் பார்க்கும் ஊசி

2010இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு முதியோர் உறைவிடத்தில் எட்டுப் பேருக்குத் திடீரென்று ஹெபடைடிஸ் பி வந்தது. எட்டுப் பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். விசாரித்தபோது கிடைத்த இணைப்பு சர்க்கரைப் பரிசோதனை. விரலில் குத்தும் பேனாக் கருவியைப் பலருக்கும் பொதுவாகப் பயன்படுத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில்கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும்.

நம் இல்லங்களில் காலைக் காபிக்கு முன் வரிசையாகச் சுகர் பார்ப்பது வழக்கம். ஆகவே இதில் சமரசம் இல்லை:

1. பேனாக் கருவி பொதுவில் கூடவே கூடாது. ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்பது தவறு. பேனாவின் முனையிலும் ரத்தம் ஒட்டும். ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஒற்றைப் பயன்பாட்டு ஊசி வாங்குங்கள்.
2. குளுக்கோமீட்டர் ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. பொதுவானது என்றால், பலருக்குப் பயன்படுத்தத் தக்கதா என்று அதன் குறிப்பேட்டில் பார்த்து, அதில் சொன்ன மருந்தால் ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும்.
3. ஒவ்வொருவருக்கும் புது கிளவுஸ்.
4. இன்சுலின் பேனா ஒருவருக்கு ஒன்று. ஊசியை மாற்றினாலும் இன்னொருவருக்குப் போடக் கூடாது.
5. பயன்படுத்திய ஊசியை மூடிபோட முயலாமல், குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் நேரே போடவும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி கூர்மையானவற்றுக்கு உரிய நிறம் வெள்ளை. பக்கத்து மருத்துவமனையோடு பேசி அவர்கள் கழிவோடு அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.

காய்ச்சல் இல்லாமல் வரும் நோய்

எண்பது வயது உடம்பு இளம் உடம்பைப் போலக் கொதிப்பதில்லை. கடும் தொற்றிலும் சிலருக்குக் காய்ச்சலே வராது. ஆகவே ஒவ்வொருவரும் நன்றாக இருக்கும்போது அவரது வழக்கமான வெப்பநிலை என்ன என்று குறித்து வைக்க வேண்டும். வாயில் ஒருமுறை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலோ, அது முதியவருக்குக் காய்ச்சல்தான். மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவை நினைத்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மற்ற அறிகுறிகளைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஆயாம்மாதான். "தாத்தா இன்னைக்கு இட்லியைத் தொடலை." "பாட்டி என்னையே யாருன்னு கேக்கறாங்க." "நேத்து வரைக்கும் நடந்தவர் இன்னைக்கு ரெண்டு தடவை விழுந்துட்டார்." இந்த மூன்று வாக்கியங்களும் நோட்டில் ஏற வேண்டியவை. அவற்றை வயோதிகம் என்று தள்ளிவிடும் சிஸ்டரைவிட, சொல்லும் ஆயாம்மா மேலானவர்.

அறிகுறியே இல்லாமலும் பரவும் என்பதையும் கொரோனா காட்டியது. கிர்க்லண்ட் இருக்கும் அதே கிங் மாவட்டத்தில் இன்னொரு இல்லத்தில் தொற்று உறுதியான 48 பேரில் 27 பேருக்குப் பரிசோதனை நாளில் எந்த அறிகுறியும் இல்லை.

வாந்தி, பேதி: தரையைச் சுத்தம் செய்யும் வரிசை

பினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்ற நம்பிக்கை நம் வீடுகளிலிருந்து இல்லங்களுக்கும் வந்திருக்கிறது. வாந்தி பேதிக் கிருமிகளுக்கு எதிராகப் பினாயிலை நம்ப முடியாது. அங்கே வேண்டியது குளோரின்.

கலக்கும் அளவு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு:

கட்டில் கம்பி, கைப்பிடி, சுவிட்ச் போன்ற அன்றாடத் துடைப்புக்கு 20 மில்லி திரவம், 980 மில்லி தண்ணீர். வாந்தி, பேதி, ரத்தம் சிந்திய இடத்துக்கு 100 மில்லி திரவம், 900 மில்லி தண்ணீர். கேனில் 10 சதவீதம் என்று இருந்தால் திரவத்தைப் பாதியாக்கி, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீரைக் கூட்டவும். பிளீச்சிங் பவுடர் என்றால், 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடரில் 17 கிராம் ஒரு லிட்டருக்கு. இது சிந்திய இடத்துக்கான வீரியம். பொட்டலம் பிரித்து ஈரக்காற்றில் கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும்.

1. மற்றவர்களை நகர்த்தி, ஜன்னலைத் திறக்கவும்.
2. மாஸ்க், ஏப்ரன், கிளவுஸ்.
3. பழைய செய்தித்தாள் அல்லது கந்தல் துணி போட்டு உறிஞ்சி, ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளி, இரட்டைப் பையில் கட்டவும்.
4. சோப்புத் தண்ணீரால் துடைக்கவும். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும்.
5. பிறகு குளோரின் கரைசல். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும்.
6. உலோகத்தை அரிக்கும் என்பதால் வெறும் தண்ணீரால் துடைத்து முடிக்கவும்.
7. சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவவும். சானிடைசர் போதாது.

*எச்சரிக்கை:* குளோரினை ஆசிட்டோடும், கழிப்பறை கழுவும் ஆசிட் திரவங்களோடும், அம்மோனியா உள்ளவற்றோடும் கலக்கவே கூடாது; நச்சு வாயு வரும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரே ஊற்றவும் கூடாது. முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். தினம் புதிதாகக் கலக்கி, பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி, உயரத்தில் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் உயிரை எடுக்கும்.

மாப் விஷயத்தில், கழிப்பறைக்கு ஒரு நிறம், அறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம். சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கில் முடிக்க வேண்டும்.

இரண்டு பேருக்கு வந்துவிட்டால்

இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு பேருக்கு ஒரே அறிகுறி வந்தால், நிரூபணத்துக்குக் காத்திராமல் பரவல் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

1. நோட்டைத் திறந்து பெயர், கட்டில், தொடங்கிய நேரம் எழுதவும்.
2. மருத்துவருக்கும், எண்ணிக்கை கூடினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவிக்கவும்.
3. நோயுள்ளவர்களை ஒரே அறையில், தனிக் கழிப்பறையோடு சேர்க்கவும்.
4. அவர்களுக்கென்று தனி ஊழியர். அவர் அந்த வேளை முழுக்க வேறு அறைக்குப் போகக் கூடாது.
5. இருமல் நோய் என்றால் மாஸ்க், திறந்த ஜன்னல். வாந்தி பேதி என்றால் சோப்பு, குளோரின், நாளுக்கு இரண்டு முறை கைப்பிடிகளையும் கழிப்பறையையும் துடைத்தல்.
6. பேதி உள்ளவருக்கு ஓஆர்எஸ் சிறிது சிறிதாக. முதியவர் உடம்பு ஒரே நாளில் வறண்டுவிடும். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.
7. பொதுச் சாப்பாட்டுக் கூடம், பஜனை, டிவி அறை தற்காலிகமாக நிறுத்தம். உறவினர்களுக்குப் போன் செய்து காரணத்தைச் சொல்லவும். மறைத்தால் வதந்திதான் வரும்.

தனிமைப்படுத்தப்பட்டவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். நாளுக்கு இரண்டு முறையாவது ஒருவர் போய் உட்கார்ந்து பேச வேண்டும். மகனோடு வீடியோவில் பேச வைக்க வேண்டும். தனிமையில் சாப்பிட மறுத்துப் படுத்துவிடும் முதியவரை நோயும் எளிதில் சாய்த்துவிடும்.

சொறியும் டிபியும்

சொறி சிரங்கு இல்லங்களில் மாதக்கணக்கில் ஓயாமல் சுற்றுவதற்குக் காரணம், ஒவ்வொருவராக மருந்து போடுவது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவர் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டிருப்பார். மருத்துவர் உறுதி செய்ததும், அவரோடு நெருங்கிப் பழகியவர்கள், கவனித்த ஊழியர்கள் உட்பட, எல்லோரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். வழக்கமாகத் தரப்படும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்துக்கடி, அக்குள், மார்பின் கீழ் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும்; முதியவர்களுக்குத் தலைக்கும் பூச மருத்துவர் சொல்லலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி. துணிகளை வெந்நீரில் துவைக்கவும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கவும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். முடிவு வரும்வரை மாஸ்க்கோடு, ஜன்னல் திறந்த தனி அறை. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடுவதைவிட வலை அடிப்பது நல்லது.

ஊழியரின் சம்பளமும் தடுப்பு மருந்துதான்

உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வருபவர் அலட்சியத்தால் வருவதில்லை. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் வருகிறார். காய்ச்சலும் பேதியும் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிக் கொடுக்காத இல்லத்தில் மேலே சொன்ன எந்த விதியும் நிற்காது. வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும். சமையல்காரருக்கு இது இன்னும் கண்டிப்பு. வேறு இல்லத்திலும் வேலை பார்க்கிறாரா என்று கேட்டு வையுங்கள், தண்டிக்க அல்ல. அங்கே நோய் பரவினால் இங்கே முன்கூட்டியே தெரியும்.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக: ஆண்டுக்கொரு முறை இன்ஃபுளுயென்சா, மருத்துவர் சொல்லும் முறையில் நிமோகாக்கல், ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி. யாருக்கு எப்போது போட்டது என்பது அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

பரவல் முடிந்தது என்று எப்போது சொல்வது

வாந்தி பேதி என்றால், கடைசி ஆளுக்கு அறிகுறி நின்று 72 மணி நேரம் புதிதாக யாருக்கும் வரவில்லை என்றால் முடிந்தது. மூச்சு நோய்களுக்கு நாள்கணக்கை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பிறகு:

1. நோயறையின் திரைச்சீலை, விரிப்பு, தலையணை உறை எல்லாம் சலவைக்கு. மெத்தையின் ரெக்சின் உறை கிழிந்திருந்தால் மாற்றவும்.
2. மேலிருந்து கீழாகச் சோப்பு, அடுத்து குளோரின்.
3. சாப்பாட்டுக் கூடத்தையும் பஜனையையும் மறுபடி தொடங்கவும்.
4. ஊழியர்கள் எல்லோரையும் உட்கார வைத்து நோட்டை வாசிக்கவும். முதல் ஆளின் அறிகுறியை முதலில் பார்த்தது யார், சொல்ல எத்தனை மணி நேரம் ஆயிற்று, எந்தப் பொருள் முதலில் தீர்ந்தது?
5. தீர்ந்த அந்தப் பொருளை அன்று மாலையே வாங்கி அலமாரியில் வைக்கவும்.